பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டு வண்டி எடுங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. மூன்று வருடங்களுக்கு முன் இடுப்பில் எல்4-எல்5 ஜவ்வு (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரையிலும் பயிற்சியிலும் சரியாகிவிட்டது. இப்போது ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மட்டும் லேசான குடைச்சல். மகள் கல்யாணம் முடிந்துவிட்டதால், நானும் மனைவியும் பைக்கிலேயே ஊர் ஊராகப் போய்வர ஆசைப்படுகிறோம். அவருக்கு 47 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இடது முழங்கால் வலியும் உண்டு. காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து ஓட்டும் குரூஸர்தான் இடுப்புக்கு நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? இந்த இடுப்போடு போகலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

மருத்துவர் பதில்: போகலாம். வலி அடங்கி, பயிற்சியை விடாமல் செய்துவருபவர் வண்டியைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதில்லை. ஆனால் நண்பர்கள் சொன்னதை அப்படியே நம்பி வண்டி எடுத்துவிடாதீர்கள்.

இப்போதே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் உள்ள குழிவில் வையுங்கள். பாதங்கள் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கும்போது அந்தக் குழிவு கைக்குத் தெரியும். அப்புறம் கால்களை மெதுவாக முன்னால் நீட்டுங்கள். தொடையின் பின்தசை இழுக்கிறது, இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது, குழிவு மறைந்து முதுகு கூன் போடுகிறது. ஜவ்வு பின்பக்கம் பிதுங்கியவருக்கு ஆகாத நிலை இதுதான். முன்பக்கம் நசுங்க நசுங்க ஜவ்வு பின்னால்தான் தள்ளப்படும். உங்களுக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் குடைவதும் இதனால்தான்.

கால்களை நீட்டியபடியே எழுந்திருக்கப் பாருங்கள். முடியாது. வண்டியில் இதுதான் பெரிய விஷயம். வேகத்தடையோ மேம்பால இணைப்போ வரும்போது, பாதம் உடம்புக்குக் கீழே இருப்பவர் ஃபுட்ரெஸ்டில் அழுத்தி அரை அங்குலம் எழுந்துகொள்வார், அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கொள்ளும். காலை நீட்டியிருப்பவருக்கு அந்த வழி இல்லை. அடி நேராக வால் எலும்பில் ஏறி இடுப்பில் போய் நிற்கும். பார்க்கச் சாய்வு நாற்காலி மாதிரிதான் இருக்கும். ஆனால் சாய்வு நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் துணி இருக்கிறது, ஓட்டுபவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அதனால் குரூஸரே வேண்டாம் என்றில்லை. ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுங்கள். முழங்காலுக்கு நேர் கீழே, அல்லது ஒரு சாண் மட்டும் முன்னால் இருந்தால் போதும். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 கிட்டத்தட்ட அந்த ரகம். சீட் உயரம் 765 மி.மீ., எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 நெடுஞ்சாலையில் சுகமான வண்டிதான், சீட்டும் 740 மி.மீ. என்று இன்னும் தாழ்வு. ஆனால் கால் இன்னும் முன்னால் போகிறது, எடை 241 கிலோ. ஓட்டும்போது அந்த எடை தெரியாது. பார்க்கிங்கில் சரிவில் நிறுத்தியதைப் பின்னால் தள்ளி எடுக்கும்போது, உடம்பை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இழுப்பீர்களே, அப்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓட்டியதைவிட வண்டியைத் தள்ளியதில் பிடித்துக்கொண்டது என்று வருபவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். எனக்குக் கேட்டால், உங்கள் இடுப்புக்கு 200 கிலோவுக்குள் எடுங்கள். கிளாசிக் 350, ஹோண்டா ஹைனஸ் சிபி350 போன்றவற்றைக் குரூஸர் என்று சொல்ல முடியாது, சீட்டும் 800 மி.மீ. சுற்றி உயரம்தான். ஆனால் கால் நேர் கீழே இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். கால் தரையில் நன்றாக ஊன்றுகிறது என்றால் அவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. உட்கார்ந்திருக்கும் மனித முதுகுக்கு நொடிக்கு 4 முதல் 6 தடவை மேலும் கீழும் வரும் குலுக்கல்தான் அதிகம் ஒத்துக்கொள்ளாது, அந்த வேகத்தில் முதுகும் சேர்ந்து ஆடும். என்ஜின் துடிப்பு அதைவிடப் பல மடங்கு வேகமானது, அதனால் கைதான் மரக்கும். முதுகைப் படுத்துவது தளர்ந்த ஷாக் அப்சார்பரும் மோசமான ரோடும். தனியாக ஓட்டும் அளவுக்கு வைத்திருக்கும் பின் ஷாக், இரண்டு பேரும் பையும் ஏறினால் அடிமட்டம் வரை இறங்கி இடிக்கும். கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் பின் ஷாக்கை இரண்டு பேருக்குத் தகுந்தபடி டைட் வைக்கச் சொல்லுங்கள். டயர் காற்றும் இருவருக்கான அளவில் இருக்கட்டும்.

இனி உங்கள் மனைவி. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. என் கவலை முழுக்க அவரைப் பற்றித்தான். ஓட்டுபவருக்குப் பள்ளம் கண்ணில் படுகிறது, உடம்பு தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. நிறைய குரூஸர்களில் முன்சீட்டு சோபா மாதிரி, பின்சீட்டு பலகை மாதிரி. ஃபுட்ரெஸ்டும் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முழங்கால் மடங்கியே இருக்கும். ஏற்கெனவே வலி உள்ள முழங்காலை மணிக்கணக்கில் அப்படி மடக்கி வைத்தால், முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, இறங்கும்போது காலை ஊன்றவே முடியாது.

ஷோரூமுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் முன்னால், அவர் பின்னால், இருபது நிமிடம் அப்படியே உட்காருங்கள். அவருடைய முழங்கால் இடுப்பைவிட மேலே வரக் கூடாது. ஃபுட்ரெஸ்டில் அழுத்தினால் சீட்டிலிருந்து லேசாக எழ முடிய வேண்டும். பேக்ரெஸ்ட் வால் எலும்பில் முட்டாமல் இடுப்புக் குழிவில் பட வேண்டும். பேக்ரெஸ்டைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி இறங்குவதையும் நாலு தடவை செய்து பார்க்கட்டும். இறங்கியதும் கேளுங்கள். நம் வீட்டுப் பெண்கள் “பரவாயில்லைங்க” என்பார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “நல்லா இருக்கு” என்று அவராகச் சொல்லும் வண்டியை எடுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவது கூடவே கூடாது. இடுப்பு முறுக்கிக்கொள்ளும், சேலை சக்கரத்தில் மாட்டும் ஆபத்தும் உண்டு. சுடிதாரும் ஷூவும்தான் சரி.

ஷூ என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்க்கரை பல வருடங்களாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். சைலென்சரில் பட்டுச் சுட்டதே தெரியாமல், வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்தவர்கள் உண்டு. அது ஆறாத புண்ணாகிவிடும். போகும் முன் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளட்டும். மாத்திரையின் பெயரையும் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு சேர்ந்திருந்தால், சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே வியர்த்துக் கண் இருட்டலாம். பின்சீட்டில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். குளுக்கோஸ் பாக்கெட் அவர் கைப்பையில் இருக்கட்டும், சைடு பெட்டியில் வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். சர்க்கரை உள்ளவருக்கு நீர் வற்றினால் மயக்கமும் வரும், சிறுநீர்த் தொற்றும் வரும். நல்ல கழிப்பறை கண்ட இடத்தில், அவர் கேட்கும் முன்பே நீங்கள் வண்டியை நிறுத்துங்கள்.

முதல் பயணமாகத் திருவண்ணாமலை போய் வாருங்கள். விடியற்காலை கிளம்பி, கண்ணமங்கலத்தில் ஒரு நிறுத்தம், போளூரில் ஒரு நிறுத்தம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடாதீர்கள், இவ்வளவு நேரமும் உட்கார்ந்துதானே வந்தீர்கள். நின்றபடி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பத்துத் தடவை மெதுவாகப் பின்னால் வளையுங்கள், ஐந்து நிமிடம் நடங்கள். காலில் வலி இறங்கினால் மட்டும் வளைவதை நிறுத்திவிடுங்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் இடுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கப்புறம்தான். மலை இறங்கும்போது பின்னால் இருப்பவரின் எடை உங்கள் முதுகில் வந்து சாயும். கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள்.

இடுப்பு பெல்ட் ஓட்டும்போது போட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்க வேண்டாம்.

ஹெல்மெட் இரண்டு பேருக்கும், அவருக்கும் உங்களுடையதைப் போலவே தரமானது. நம் வேலூர் பாகாயத்தில், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான சி.எம்.சி. மருத்துவமனையின் புனர்வாழ்வு நிலையம் 1966 முதல் இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டால் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை நேரில் பார்த்த ஊர் இது. அதனால் எவ்வளவு நல்ல வண்டியானாலும் இரவுப் பயணம் வேண்டாம் என்பேன்.

கடைசியாக, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, ஆம்புலன்ஸிலோ காரிலோ பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது நரம்பு நசுங்கும் அறிகுறி. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.