கனடா வேலைக்கு 14 லட்சம் கேக்குறாங்களா? பத்திரத்தை வெளிய எடுக்காதீங்க அக்கா

அக்கா, மெசேஜ் பாத்தேன். தம்பி வெல்டர் ட்ரேடு ஐடிஐ முடிச்சிட்டு எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறான், இப்ப எம்.சி. ரோடு பக்கத்துல ஆபீஸ் போட்டிருக்குற ஒருத்தர் "எல்எம்ஐஏ ரெடியா கையில இருக்கு, 14 லட்சம் கட்டுனா நாலு மாசத்துல கனடா, அப்புறம் பிஆர் (அங்கயே நிரந்தரமா தங்குற உரிமை)"னு சொல்றாரு, வீட்டு பத்திரத்தை வெக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வெக்காதீங்க. ஏன்னு சொல்றேன், தம்பியையும் பக்கத்துல உக்கார வெச்சு படிங்க, ஏன்னா இதுல பாதி அவனுக்குத்தான்.

எல்எம்ஐஏன்னா விசா இல்ல, வேலை ஆர்டரும் இல்ல. வெளிநாட்டு ஆளை தற்காலிகமா எடுக்க நெனக்கிற கனடா முதலாளி அந்த ஊரு அரசாங்கத்துகிட்ட வாங்குற அனுமதி அது. "நான் இங்க ஆள் தேடிப் பாத்தேன், கிடைக்கல, அதனால வெளிய இருந்து எடுக்குறேன்"னு அவன் காட்டணும். சாதாரணமா நாலு வாரமாவது விளம்பரம் போட்டிருக்கணும், அவங்க அரசாங்கத்தோட ஜாப் பேங்க் சைட்லயும் போட்டிருக்கணும், யார் யார் அப்ளை பண்ணாங்க, ஏன் எடுக்கலன்னு கணக்கு வெச்சிருக்கணும். பெரும்பாலான வேலைக்கு ஒரு போஸ்ட்டுக்கு 1,000 கனடா டாலர் ஃபீஸ், அதையும் முதலாளிதான் கட்டணும், வேலைக்கு வர்ற ஆள்கிட்ட திருப்பி வாங்கவே கூடாதுன்னு ரூல். சம்பளம் கம்மியான போஸ்ட்டுன்னா போக வர டிக்கெட் செலவும் முதலாளி தலையிலதான். தம்பி பக்கம் வர்றது வொர்க் பெர்மிட் ஃபீஸ் 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர், மெடிக்கல், அப்புறம் சில்லறை செலவு. அவ்ளோதான். அப்ப அந்த 14 லட்சம் எதுக்கு? இந்த ஒரு கேள்வியை அந்த ஆபீஸ்ல போய் கேளுங்க, பில்லோட பதில் சொல்லச் சொல்லுங்க.

"எல்லாரும் கட்டித்தான் போறாங்க"ன்னு சொல்லுவாங்க. கட்டிட்டு போனவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. அங்கயே சில முதலாளிங்க துட்டு வாங்கிட்டு இந்த பேப்பரை விக்கிறதும் நடந்துது, இதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு, வேலை ஆஃபர் இருந்தா பிஆருக்கு பாயின்ட் போட்டு ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில 50 பாயின்ட், பெரிய மேனேஜர் வேலைன்னா 200 பாயின்ட் வந்துது. 2025 மார்ச் 25-லேர்ந்து அந்த பாயின்ட்டையே எடுத்துட்டாங்க. இன்னும் அதை சொல்லி ஒருத்தர் விக்கிறாருன்னா, ஒண்ணு அவருக்கு விஷயம் தெரியாது, இல்ல உங்களுக்கு தெரியாதுன்னு நெனக்கிறாரு.

2024-லயே கதவை நல்லா இறுக்கிட்டாங்க அக்கா. செப்டம்பர் 26-லேர்ந்து, வேலையில்லாதவங்க 6 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்குற பெரிய நகரங்கள்ல சம்பளம் கம்மியான போஸ்ட்டுக்கு எல்எம்ஐஏ அப்ளிகேஷனையே எடுக்குறதில்ல, கட்டுமானம், ஹெல்த்கேர் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. எந்த ஊருங்கிற லிஸ்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும். கிடைச்சாலும் அந்த வகை வேலை ஒரு வருஷத்துக்குத்தான். ஒரு வருஷ வேலைக்கு 14 லட்சம் கடன், வட்டி வேற, கணக்கு போட்டு பாருங்க. இன்னொண்ணு, "விசிட் விசால போய் அங்கயே மாத்திக்கலாம்"னு யாராச்சும் சொன்னா எழுந்து வந்துடுங்க, கொரோனா சமயத்துல கொடுத்த அந்த சலுகை 2024 ஆகஸ்ட் 28-ல முடிஞ்சு போச்சு.

எனக்கு துட்டை விட பெரிய பயம் வேற. இந்த பெர்மிட்ல முதலாளி பேரு அச்சடிச்சிருக்கும், அவன்கிட்ட மட்டும்தான் வேலை செய்யலாம். பேப்பர் வித்தவன் கடையில வேலையே இல்லன்னா, இல்ல பாதி சம்பளம் கொடுத்து மிரட்டுனான்னா புள்ள என்ன பண்ணுவான்? கொடுமைப்படுத்துனா வேற இடத்துல வேலை செய்ய ஓபன் பெர்மிட் கேட்டு அப்ளை பண்ண 2019-லேர்ந்து வழி இருக்கு, ஆனா தெரியாத ஊருல கடனோட நிக்கிற பையன் தைரியமா போய் கம்ப்ளைன்ட் பண்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல. அப்புறம் போலி அனுபவ சர்டிபிகேட், பொய் ஆஃபர் லெட்டர்னு எதாச்சும் சேத்து கொடுத்து மாட்டுனா, ஏஜென்ட் பண்ணதுன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க, 5 வருஷத்துக்கு கனடா பக்கமே போக முடியாது. பேரு கெடுறது தம்பிக்குத்தான்.

சரி, எப்படி செக் பண்றது? மொதல்ல அந்த ஏஜென்ட்டோட லைசென்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்குற எவரும் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், அவங்களோட இ-மைக்ரேட் சைட்ல பேரு போட்டு தேடலாம். "கனடாவுக்கு அதெல்லாம் தேவையில்ல, பையன் பத்தாவது பாஸ், ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட்"னு மழுப்புவாரு. ஈசிஎன்ஆர்னா வெளிநாட்டு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லாத பாஸ்போர்ட், அது பையனுக்கான கிளியரன்ஸ் கதை, ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் வேணுமாங்கிறது வேற. பதிவு பண்ண ஏஜென்ட்டே வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் உச்சபட்சம் 30,000 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. 14 லட்சம் எங்க, 30,000 எங்க! அடுத்து முதலாளி பேரு. கம்பெனி பேரு, ஊரு, சம்பளம் எழுதுன ஆஃபர் லெட்டரும் எல்எம்ஐஏ லெட்டர் காப்பியும் கேளுங்க, "துட்டு கட்டுனாத்தான் காட்டுவேன்"னா பேச்சு முடிஞ்சுது. பேரு கிடைச்சா கனடா அரசாங்கமே ரூல் மீறுன முதலாளிங்க லிஸ்ட்டை நெட்ல போட்டிருக்கு, அதுல தேடுங்க. தம்பியே கம்பெனிக்கு நேரா மெயில் போடட்டும், இங்கிலீஷ்ல தப்பா எழுதுனாலும் பரவால்ல.

வெளிநாட்டு ஆசையே வேணாம்னு நான் சொல்லல. வெல்டருக்கு கனடால மதிப்பு இருக்கு, ஆனா ஐடிஐ சர்டிபிகேட் மட்டும் காட்டுனா பத்தாது. பைப் வெல்டிங்ல 6ஜி டெஸ்ட் (பைப்பை சாய்வா நிறுத்தி வெல்டிங் பண்ற கஷ்டமான டெஸ்ட்) பாஸ் பண்ணட்டும், கான்ட்ராக்டர்கிட்ட சம்பள ஸ்லிப், பிஎஃப், அனுபவ லெட்டர் எல்லாம் இப்பவே ஒழுங்கா வாங்கி வெக்கட்டும் (இதுலதான் நம்ம பசங்க கோட்டை விடுறாங்க, கையில கூலி வாங்கிட்டு வந்துடுறாங்க, அப்புறம் அஞ்சு வருஷ அனுபவத்துக்கு ஒரு துண்டு பேப்பர் இருக்காது). ஐஇஎல்டிஎஸ் ஜெனரல்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்கு தெனமும் ஒரு மணி நேரம். நடுவுல கிண்டியில இருக்குற ஓஎம்சிஎல்ல பேரு பதிஞ்சு வைங்க, தமிழ்நாடு அரசோட நிறுவனம், கல்ஃப் மாதிரி நாடுங்களுக்கு வர்ற ஆர்டர் அங்க தெரியும். கல்ஃப்னா தம்பி மூஞ்சை சுளிப்பான், தெரியும், ஆனா பெரிய ரிஃபைனரி ப்ராஜெக்ட்ல ரெண்டு வருஷம் வேலை பாத்த ரெக்கார்டு இருந்தா கனடா முதலாளி அந்த ரெஸ்யூமை எடுத்துப் படிப்பான்.

அட்வான்ஸ் எதாச்சும் கொடுத்திட்டீங்களான்னு மட்டும் மறுபடி மெசேஜ் போடுங்க. கொடுத்திருந்தா ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ரசீது எதையும் அழிக்காதீங்க, பாஸ்போர்ட் அவர்கிட்ட இருந்தா நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடுங்க.