புத்தகத்தில் போட்டிருக்கிறதே, டாக்டரம்மா!

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் பிரசவம். உதவிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். என் மாமியார் வைத்திருந்த ஸ்போக் என்பவரின் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைப் பார்த்துத்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன். குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறது புத்தகம். மகளோ மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும் என்று போனிலேயே சண்டை பிடிக்கிறாள். எது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி அம்மா. ஆனால் உங்கள் மேல் தப்பில்லை. என் மூத்த மகனை நானும் குப்புறத்தான் போட்டேன், டாக்டருக்குப் படித்துவிட்டு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் புத்தகம் முதலில் வந்தது 1946-ல். 'உங்கள் மனதை நம்புங்கள்' என்று தாய்மாருக்குத் தைரியம் சொன்ன நல்ல மனிதர். 1958 பதிப்பில், மல்லாந்து படுப்பதில் இரண்டு கெடுதல் என்று எழுதினார். வாந்தி எடுத்தால் புரையேறும். ஒரே பக்கம் தலை சாய்த்துப் படுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மேலை நாடுகளில் பலரும் அப்படியே நம்பினார்கள். எப்படிப் படுத்த குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோகின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்தபோதுதான், குப்புறப் படுப்பதில் ஆபத்து பல மடங்கு என்று தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாந்து படுக்க வையுங்கள்' என்று பெரிய அளவில் பிரச்சாரம் செய்தார்கள். அமெரிக்காவில் சில வருடங்களிலேயே அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1970-லேயே இருந்த தகவல்களை யாராவது சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால், மேலை நாடுகளில் மட்டும் 50,000 குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாம் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரையேறும் பயம் உங்களுக்கு இன்னும் இருக்கும். தொண்டையின் முன்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். உணவுக்குழாய் அதற்குப் பின்னால். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது சுலபமாக இறங்கும்.

தலை தட்டையாகிறதே என்றால், குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். அப்புறம், இலவம்பஞ்சுத் தலையணை, கடுகுத் தலையணை என்று ஆசையாகத் தைத்து எடுத்துப் போகாதீர்கள். தூங்கும் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம்.

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தால் 15 நாளில் குணம் என்று கை வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது. சென்னையில் ஆராய்ச்சி செய்தே நிரூபித்துவிட்டதாகவும் போட்டிருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: ஆராய்ச்சி நடந்தது உண்மை. 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எனக்கும் அப்போது சந்தோஷம் தாங்கவில்லை, நம் ஊர் வேலியோரச் செடியாயிற்றே! ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்கள் புத்தகம் முதல் பாதியோடு நிறுத்திவிட்டது. அதோடு, அந்த ஆராய்ச்சி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்துவது பற்றியதே இல்லை.

நம் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது கெட்ட தண்ணீரால் வரும் காமாலை. பெரும்பாலும் சில வாரங்களில் அதுவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பேர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஒருமுறை மழைக்காலத்தில் எட்டு வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். நாலு நாளாகக் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். அம்மா பேச்சோடு பேச்சாக, "ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு பகல்ல தூங்குறான்" என்றார். எனக்குத் திக்கென்றது. பேப்பரும் பேனாவும் கொடுத்துப் பேர் எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோணல்மாணலாகக் கீழே இறங்கின. ஈரல் கெட்டு மூளை வரை போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டான்.

உங்கள் புத்தகத்தில் இருக்க வேண்டிய வரி இதுதான். பகலில் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், ஈறில் ரத்தம் கசிந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தால் பித்தக்குழாய் அடைத்திருக்கலாம். உடனே ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல மருத்துவப் புத்தகம் சொல்லுங்களேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: மெக்சிகோ மலைக் கிராமங்களுக்காக டேவிட் வெர்னர் எழுதிய, மருத்துவர் இல்லாத ஊருக்கான கையேடு எனக்குப் பிடித்தது. கை வைத்தியத்தை அவர் ஏளனம் செய்வதில்லை. எது உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துக் காட்டுகிறார். ஒரே நோய்க்கு எத்தனைக்கெத்தனை மருந்து சொல்கிறார்களோ, அவற்றில் எதுவும் பலிக்காமல் போக அத்தனைக்கத்தனை வாய்ப்பு என்கிறார். நம் ஊரில் காமாலைக்குச் சொல்லப்படும் மருந்துகளை எண்ணிப் பாருங்கள். கடையில் கேட்கும்போது கடைசியாகத் திருத்திய பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். மருந்துகளின் அளவு பழைய பதிப்பில் இருப்பது இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.