பெட்டியில் போட்டிருக்கும் 8 பார், உங்கள் வீட்டுக் குழாயில் வராது

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு, கீழ்த்தளம் மட்டும்தான். மொட்டை மாடியில் 2 அடி செங்கல் மேடை மேல் 1000 லிட்டர் டேங்க் வைத்திருக்கிறோம். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் பார்க்கப் போன கடையில், "8 பார் வரைக்கும் தாங்கும் மேடம், பிரஷர் பிரச்சினையே வராது" என்றார்கள். நம்பி வாங்கலாமா? இல்லை, டேங்கைப் பெரிதாக்க வேண்டுமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த 8 பார் என்பது மெஷின் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். நீங்கள் பார்க்க வேண்டியது குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதை. விவரக் குறிப்பில் "0.05 - 0.8 எம்.பி.ஏ" என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும் (எம்.பி.ஏ என்பது மெகா பாஸ்கல், பார் போலவே அழுத்தத்துக்கான அளவு). முதல் எண்தான் உங்களுக்கானது. 0.05 எம்.பி.ஏ என்றால் 0.5 பார்.

வீட்டு பிரஷரைக் கண்டுபிடிக்க இஞ்ச் டேப் போதும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். அதாவது அடிக்கு 0.03 பார். தரையிலிருந்து மாடித் தளம் 11 அடி, மேடை 2 அடி என்று வைத்தால் டேங்கின் அடிப்பகுதி 13 அடியில் இருக்கிறது. மெஷின் குழாய் 3 அடியில். மிச்சம் 10 அடி, 0.3 பார். டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் நாலு அடி சேர்ந்து 0.42 வரும். 0.5 கேட்கும் மெஷினுக்கு இது பற்றாது. தண்ணீர் நிரம்ப நேரமாகி, பாதியில் கோளாறு காட்டி நின்றுவிடும். 0.03 எம்.பி.ஏ அல்லது அதற்கும் கீழே போட்டிருக்கும் மாடலாகத் தேடுங்கள். மழை மாதிரி கொட்டும் பெரிய ஷவர் ஆசை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். 7 அடியில் மாட்டும் ஷவருக்கு இந்த டேங்கிலிருந்து 0.2, 0.3 பார்தான் கிடைக்கும்.

2000 லிட்டர் டேங்க் வாங்கினாலும் பிரஷர் ஏறாது. கூடுவது உயரத்தால்தான், கொள்ளளவால் இல்லை. மேடையை 3 அடி உயர்த்தினாலும் 0.09 பார்தான் ஏறும். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதால் கட்டிட மேஸ்திரியைக் கேட்காமல் மேடையில் கை வைக்காதீர்கள்.

இந்தக் கணக்கு குழாய் சுத்தமாக இருந்தால்தான் செல்லும். நம்ம ஊர் போர் தண்ணீர் உப்பு சும்மா விடாது. காட்பாடியில் அக்கா வீட்டு மெஷினுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மெக்கானிக் பம்ப் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகமளவு சல்லடை, ஒரு ஓட்டைகூடத் தெரியாமல் வெள்ளையாக உப்பு இறுகியிருந்தது. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் தண்ணீர் பழையபடி வந்தது. பம்ப் செலவு மிச்சம். நீங்களும் முதலில் 10 லிட்டர் வாளியை ஒவ்வொரு குழாயிலும் பிடித்து நேரம் பாருங்கள். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு குழாய்களில் ஒன்று மட்டும் மெதுவாக வந்தால் குறை டேங்கில் இல்லை. அந்த லைனில் அடைப்பு.

கடைசி வழிதான் பிரஷர் பம்ப். டேங்கிலிருந்து இறங்கும் லைனில் மட்டும் வையுங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் இத்தனை நாள் துரு அடைத்து வைத்திருந்த இடமெல்லாம் கசியத் தொடங்கும். முதலில் பைப்பை மாற்றுங்கள். காவிரித் தண்ணீர் வரும் மாநகராட்சி இணைப்பில் எந்தக் காரணத்துக்காகவும் மோட்டார் போடாதீர்கள். நீங்கள் உறிஞ்சினால் தெருக்கோடி வீட்டில் குடம் காலியாக நிற்கும்.

கேள்வி: குடியாத்தத்தில் வாங்கிய இன்ஸ்டன்ட் ஹீட்டர், தண்ணீர் வேகம் போதாமல் ஆன் ஆகவே இல்லை. சாதாரண டேங்குக்கே போதும் என்று சொல்லி விற்ற கடை இப்போது திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறது.

பதில்: பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் உள்ள குறைந்தபட்ச அழுத்த எண்ணை போட்டோ எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பும் ஆதாரம்தான். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.