பெயர் மாற்றிய பிறகு சூடோ தடுமாறினால்

வணக்கம். டெபியன் லினக்ஸ் கணினியின் பெயரை ஹோஸ்ட்நேம் கோப்பில் மாற்றி ரீஸ்டார்ட் செய்த பிறகு, நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சூடோவைக் கொடுக்கும் போதெல்லாம் சில விநாடி நின்று, ஹோஸ்டைக் கண்டறிய முடியவில்லை என்று வருவதாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. பெயர் மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஹோஸ்ட்நேம் கோப்பு கணினிக்குப் பெயர் வைக்கிறது. அந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்வது, அதே இடிசி (/etc) அடைவில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற இன்னொரு கோப்பு. அதை ரூட் (நிர்வாகி) உரிமையோடு திறந்து பாருங்கள். 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிய பெயரை எழுதிச் சேமியுங்கள். இரண்டு கோப்பிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மேலே உள்ள 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பல நிரல்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. இதற்கு ரீஸ்டார்ட் வேண்டாம், சேமித்தவுடனே சூடோ சரியாகிவிடும்.

அப்புறம், பெயரில் அடிக்கோடு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், நடுவில் இடைக்கோடு, இவை மட்டும் போதும். நீளம் 63 எழுத்துக்குள்.

பக்கத்துக் கணினியிலிருந்து இந்தப் பெயரில் அழைக்க ஹோஸ்ட்ஸ் கோப்பு உதவாது. அது உங்கள் கணினிக்குள் மட்டும்தான் செல்லும். அதற்கு, உள்ளூர் நெட்வொர்க்கில் கணினியின் பெயரை மற்ற கணினிகளுக்கு அறிவிக்கும் அவாஹி என்ற நிரலை நிறுவி, பெயரின் பின்னால் ‘டாட் லோக்கல்’ சேர்த்து அழைத்துப் பாருங்கள்.