குதிக்கால் நோவோட பண்ணை வரைக்கும் ஓடலாமோ?

கேள்வி: விடிய 5 மணிக்கு நல்லூரில இருந்து ஆரியகுளம் சந்தியால போய் யாழ்ப்பாண டவுணுக்குள்ளால பண்ணைக் கடற்கரை வரைக்கும் ஓடித் திரும்பி வாறனான், கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர். மூண்டு கிழமையா இடது குதிக்கால் நோகுது. கட்டிலால இறங்கி முதல் அடி வைக்கேக்க ஆணி ஏத்தின மாதிரி, ஓடத் தொடங்கினாப் பிறகு குறையுது. அம்மா ஓட்டத்தை நிப்பாட்டி நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுறா. என்ன செய்ய?
– நல்லூர் வாசகர், வயது 34

பதில்: தம்பி, அந்த முதல் அடியிலயே பாதி விசயம் தெரியுது. குதிக்காலில இருந்து விரலடி வரைக்கும் பாதத்துக்குக் கீழ ஒரு தடிச்ச சவ்வு இருக்கு, இரவு படுத்துக் கிடக்கேக்க அது இறுகிப் போகும், விடிய எழும்பி முழுப் பாரத்தையும் அதில போட்டா குதிக்காலோட ஒட்டியிருக்கிற இடம் இழுபட்டுக் குத்தும், நடந்து சூடேறினா குறையும். அந்தக் குறையிறதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுறது. நானும் "ஓடினாச் சரியாகுது" எண்டு ஓடி, பேந்து நாலு மாசம் ஒரேயடியா வீட்டில குந்திக்கொண்டிருந்தனான்.

முழுசா நிப்பாட்டத் தேவையில்லை, ஆனா நல்லூரில இருந்து ஓடிக்கொண்டு போறதை விடுங்கோ. பண்ணைக்குச் சைக்கிளில போங்கோ. போய் பத்து நிமிசம் நடந்திட்டு, கடல் காத்தில ஒரு ரெண்டு கிலோமீற்றர் ஆறுதலா ஓடுங்கோ, நோ கூடினா சைக்கிள் பக்கத்திலயே நிக்குது, கோட்டையடியில இருந்து நொண்டிக்கொண்டு வீட்டை வரத் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அடுத்தநாள் விடிய முதல் அடி முந்தியைவிடக் கூடக் குத்தினா இன்னும் குறையுங்கோ. இன்னொண்டு, ஒழுங்கையளுக்க நாய் கலைச்சா வெருண்டு பாஞ்சு ஓடாதேங்கோ, நிண்டு ஆறுதலா நடவுங்கோ, அந்த ஒரு பாய்ச்சல் காணும் ரெண்டு கிழமைச் சுகத்தையும் கெடுக்க.

கட்டிலால இறங்க முதல் துவாயைப் பாதத்தில மாட்டி விரல்களை உங்கட பக்கம் இழுங்கோ, 30 செக்கன், மூண்டு தரம். பேந்து சுவரில கை ஊண்டி, பின்னுக்கு வைச்ச காலின்ர முழங்கால் மடங்காம கெண்டைக்காலையும் அப்பிடியே இழுங்கோ. பின்னேரம் சின்னத் தண்ணிப் போத்தலை ஐஸாக்கி, சொக்ஸ் போட்டுக்கொண்டு பத்து நிமிசம் பாதத்துக்குக் கீழ உருட்டுங்கோ (சலரோகம் இருந்தா ஐஸ் வேண்டாம்). எங்கட வீடுகளில வெறுங்காலோட சீமெந்திலயும் ரைல்ஸிலயும் திரியிறமே, அதுதான் பெரிய எதிரி, வீட்டுக்குள்ள மட்டும் போட ஒரு மெத்துச் செருப்பு வாங்குங்கோ, அம்மா ஒருநாள் பேசுவா, பேந்து பழகிடுவா. மணல் மெத்தெண்டு இருக்கு எண்டு வெறுங்காலோட அதில ஓடவும் வேண்டாம், குதிக்கால் புதையப் புதைய அந்தச் சவ்வு இன்னும் இழுபடும். அடி தேஞ்ச சப்பாத்தையும் எறியுங்கோ.

பனடோல் போட்டு நோவை மறைச்சுக்கொண்டு ஓடாதேங்கோ. கால் விறைச்சாலோ, வீங்கினாலோ, சும்மா இருக்கேக்கயும் நொந்தாலோ, குதிக்காலை ரெண்டு பக்கத்தாலயும் அமத்த உயிர் போற மாதிரி நொந்தாலோ ஓட்டத்தை விட்டிட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ, எலும்பில வெடிப்பும் இருக்கலாம். இல்லாட்டியும் இது மாறக் கன மாசம் எடுக்கும், அந்தரப்படாதேங்கோ.

அம்மாவின்ர நல்லெண்ணெயை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ, கெண்டைக்காலில வடிவாத் தேய்ச்சு விடச் சொல்லுங்கோ, இறுக்கம் அங்கயும்தான் இருக்கு. எண்ணெய்க் காலோட ரைல்ஸில நடந்து வழுக்கி விழாட்டிச் சரி.