பதினேழாவது அத்தியாயம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஒரு குழப்பத்தோடு எழுதுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா விட்டுப்போன அச்சகத்தை நடத்தும் அண்ணன் தம்பி கதை. தம்பிக்குத் தெரியாமல் அண்ணன் அச்சுக்கோக்கும் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிடுகிறான். தம்பி வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். இருபத்துமூன்று அத்தியாயம், 280 பக்கம் எழுதினேன். அப்புறம் நின்றுவிட்டது. வேலை, குழந்தை, இடமாற்றம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நேரம் கிடைத்த நாட்களிலும் நான் அதைத் திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது ஆறு மாதமாக இன்னொரு நாவல் மனதில் ஓடுகிறது. முப்பது வருடம் மெய்ப்பு, அதாவது அச்சுப் பிழை, திருத்தியும் எந்தப் புத்தகத்திலும் தன் பெயர் வராத ஒரு பெண்ணின் கதை. பன்னிரண்டு பக்கம் கை நிற்காமல் ஓடியது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் பழையது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதை முடிக்காதவன் இதை மட்டும் முடித்துவிடுவானா என்று கேட்கிறது. பழையதை முடித்துவிட்டுப் புதியதற்குப் போகவா? மூட்டை கட்டி வைத்துவிடவா? இரண்டையும் சேர்த்தே எழுதலாமா? இரண்டின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இப்படி வரும் பிரதிகளை நான் முழுக்கப் படிப்பதில்லை. பத்து இருபது பக்கம் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிப்போடுவேன். உங்களுடையதை இரண்டு இரவில் படித்து முடித்தேன். அதற்குக் காரணம் எடைக்குப் போடும் அத்தியாயம். அண்ணன் தட்டுத் தட்டாக எழுத்துகளைத் தராசில் கவிழ்க்கிறான். பழைய இரும்பு வாங்க வந்தவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “என்ன சார் இது, எழுத்து திரும்பி இருக்கு?” என்கிறான். அண்ணன் பதில் சொல்லாமல் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். எடை போட்ட பிறகு அந்த ஒன்று கணக்கில் குறையும் என்று அவனுக்கே தெரியும், போட்டுக்கொள்கிறான். இதை எழுதியவரிடம் ‘எழுதுவதை விட்டுவிடுங்கள்’ என்று யாரும் சொல்லமுடியாது. எந்த நாவலை எழுதுவது என்பதைத்தான் பேசவேண்டும்.

முதலில் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆளை உட்காரவைப்போம். பாதியில் விட்ட நாவலைக் கடன்போல நினைக்கிறீர்கள். கொடுத்தவன் யார்? அந்த 280 பக்கத்துக்காக உலகத்தில் யாரும் காத்திருக்கவில்லை. கொஞ்சம் கொடுமையாகத் தெரியும், ஆனால் இதில் பெரிய விடுதலை இருக்கிறது. தல்ஸ்தோய் ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுத நினைத்தார். புத்தகங்களாகப் படித்துத் தள்ளினார், குறிப்புகள் எடுத்தார், திரும்பத் திரும்பத் தொடக்கங்களை எழுதிப் பார்த்தார். நகரவில்லை. 1873இல் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கினார். அதுதான் அன்னா கரீனினா. அதற்கும் முன்னால், 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்து நாடுகடத்தப்பட்டுத் திரும்பும் ஒரு புரட்சிக்காரரைப் பற்றி எழுத ஆரம்பித்து, அவருடைய இளமையைத் தேடி 1825க்கும், அங்கிருந்து 1812க்கும், பிறகு 1805க்கும் பின்னோக்கிப் போய்த்தான் போரும் அமைதியும் பிறந்தது. எழுபதுகளின் கடைசியில் அந்தப் பழைய டிசம்பர் நாவலை மறுபடி கையில் எடுத்து, மறுபடியும் விட்டார். ஒரே நாவலை இரண்டு முறை கைவிட்ட மனிதர். அவரை யாரும் முடிக்கத் தெரியாதவர் என்று சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஆள் உண்டு. மார்க் ட்வைன் ஹக்கிள்பெரி ஃபின் நாவலை 1876இல் தொடங்கினார். கொஞ்ச தூரம் போனதும், இது ஏதோ சுமாராகப் பிடிக்கிறது, முடிந்ததும் மூலையில் போட்டாலும் போடுவேன், எரித்தாலும் எரிப்பேன் என்று நண்பருக்கு எழுதினார். பிறகு எடுத்தார், வைத்தார், நடுவில் வேறு புத்தகங்களை எழுதி வெளியிட்டார். நாவல் வெளிவந்தது 1884 கடைசியில். தண்ணீர்த் தொட்டி வற்றிவிட்டால் அப்படியே விடு, நீ வேறு வேலை பார்க்கும்போது அது தானாக நிறையும் என்பது அவருடைய கணக்கு. நம்மிடமும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ சரஸ்வதி இதழில் சில அத்தியாயங்கள் வந்ததோடு நின்றுபோன ஒன்று. 1966இல்தான் முழு நூலானது.

ஆக, பெரியவர்களிடம் போய்க் கேட்டால் இரண்டு பதிலும் கிடைக்கும். அதனால் பிரதிக்கே போவோம்.

உங்கள் பழைய நாவல் இருபத்துமூன்றாவது அத்தியாயத்தில் ‘கதவு தட்டப்பட்டது’ என்ற வாக்கியத்தோடு நிற்கிறது. படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன என்று தெரியாதபோது நாம் எல்லோரும் யாரையாவது கூப்பிட்டுக் கதவைத் தட்டச்சொல்கிறோம். நானும் தட்டவைத்திருக்கிறேன். தொலைபேசியும் அடிக்கவைத்திருக்கிறேன். நீங்கள் அந்த வாக்கியத்தின் முன்னால் எட்டு வருடமாக நின்றுகொண்டு, கதவைத் திறக்கத் தெரியவில்லையே என்று வருந்துகிறீர்கள். ஆனால் நாவல் அங்கே நின்றதே தவிர, உயிர் போனது அங்கே அல்ல. அது பதினேழாவது அத்தியாயத்திலேயே போய்விட்டது.

பதினேழில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பியைத் தேடிப் போகிறான். சட்டைப்பையிலிருந்து அந்த ஒற்றை எழுத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறான். தம்பி அதைப் பார்த்து அழுகிறான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அதோடு கதை முடிந்துவிட்டது. பதினாறு அத்தியாயம் எதை முறுக்கி முறுக்கி ஏற்றினீர்களோ அது ஒரே பக்கத்தில் அவிழ்ந்துவிட்டது. அதன்பிறகு உள்ளேயிருந்து எதுவும் வராததால் வெளியேயிருந்து ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். புது இயந்திரம் வருகிறது, வங்கிக் கடன் வருகிறது, வெள்ளம் வருகிறது, அண்ணனுக்கு நெஞ்சுவலி வருகிறது, கடைசியில் கதவும் தட்டப்படுகிறது. ஆறு அத்தியாயம், எழுபது பக்கம். அதைத் தோளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறீர்கள். களைத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நின்றுபோன பிரதிகள் பெரும்பாலும் இப்படித்தான். கோளாறு கடைசிப் பக்கத்தில் இருக்காது. ஐம்பது, அறுபது பக்கம் முன்னால், நமக்குப் பிடித்த, நாம் பெருமைப்படுகிற ஒரு காட்சிக்குள் உட்கார்ந்திருக்கும். பிடித்த காட்சி என்பதால் அதைச் சந்தேகப்பட மாட்டோம். முடிவு தெரியாததால்தான் நிற்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். காஃப்கா ‘விசாரணை’யின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் நடுப்பகுதியை முடிக்காமல் போனார்.

இனி புதிய நாவலின் பன்னிரண்டு பக்கம். வாக்கியங்கள் சுத்தமாகிவிட்டன. பழையதில் உவமை இல்லாமல் ஒரு மழை பெய்யாது. இதில் மழை வெறுமனே பெய்கிறது. எட்டு வருடம் வீணாகவில்லை. ஆனால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, இந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பழைய நாவலின் நான்காவது அத்தியாயத்தில் அச்சகத்தின் மூலையில் ஒரு அம்மாள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறார். சிவப்பு மையைக் காதோர முடியில் துடைத்துக்கொள்வார். ஒரே ஒரு பக்கம், அப்புறம் ஆளே காணோம். உங்கள் புதிய நாயகியும் முதல் பக்கத்திலேயே காதோரம் மையைத் துடைக்கிறாள். தெரிந்து செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. தெரியாமல் வந்திருந்தால் இன்னும் நல்லது. புதிய நாவல் வானத்திலிருந்து குதிக்கவில்லை, பழையதன் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. பத்தாவது பக்கத்தில் ஒரு எழுத்தாளர் அவளை எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார். அவருடைய பிழையை அவள் கண்டுபிடித்துவிட்டாள், அதற்காக. சரி, இப்போது சூடு பிடிக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது பக்கத்தில் அவர் வந்து மன்னிப்புக் கேட்கிறார், அவள் சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லை சார்’ என்கிறாள். எஸ்., இது பதினேழாவது அத்தியாயம். இந்த முறை பன்னிரண்டாவது பக்கத்திலேயே வந்துவிட்டது.

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. எழுத்தை வைத்து ஒன்று சொல்கிறேன், தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பேர் கோபமாக இருந்தால் நடுவில் போய் சமாதானம் செய்யாமல் உங்களால் இருக்கமுடியாது. வீட்டில் இது நல்ல குணம். நாவலில் இது உங்களை ஒவ்வொரு முறையும் நடுவழியில் இறக்கிவிடும். பழையதை முடிப்பதா புதியதைத் தொடங்குவதா என்று கேட்டீர்கள். இந்தக் குணத்தைக் கூட்டிக்கொண்டு எதற்குள் போனாலும் கொஞ்ச தூரத்தில் கதவு தட்டப்படும்.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. 140 பக்கத்தில் நின்ற ஒரு நாவல் பதினோரு வருடம் ஒரு பெட்டியில் கிடந்தது. எடுத்துப் படித்தேன். முப்பதாம் பக்கத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர் நூற்றிப்பத்தாம் பக்கத்தில் மாடிப்படி ஏறுகிறார். அதுகூடப் பரவாயில்லை, திருத்திவிடலாம். முழுப் பிரதியிலும் அந்தக் காலத்தில் நான் மதித்த ஒருவருக்கு என்னைக் காட்டிக்கொள்ளும் குரல். அவரோ நாவல் படிப்பதையே எப்போதோ விட்டுவிட்டார். அதைக் கைவிட்டேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: மாத்திரை அட்டையில் பேனாவால் கிழமை எழுதிவைக்கும் ஒரு கிழவி, ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மட்டும் விழுங்காமல் சேர்த்து வைப்பாள். அவள் வேறு நாவலுக்குக் குடிபோனாள். இன்னொரு முறை வீம்புக்கு முடித்தேன். கடைசி நூறு பக்கத்தை நாற்பது நாளில். அதில் வருகிற எல்லோரும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள்போலப் பேசுவார்கள். புத்தகமாக வந்தது. அதை யாராவது கையெழுத்துக்கு நீட்டினால் இன்றைக்கும் சட்டென்று போட்டுக் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

இரண்டையும் சேர்த்து எழுதலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: வேண்டாம். தஸ்தயெவ்ஸ்கி 1866இல் குற்றமும் தண்டனையும் தொடராக வந்துகொண்டிருந்தபோதே ‘சூதாடி’ நாவலை 26 நாளில் சுருக்கெழுத்துப் பெண்ணிடம் சொல்லி முடித்தார். பதிப்பாளரின் ஒப்பந்தம் கழுத்தை நெரித்ததால் செய்தார். உங்கள் கழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பிரதி மேசையில் இருந்தால், ஒன்று கஷ்டமாகும்போது மற்றொன்றுக்குத் தாவுவீர்கள். கஷ்டமாகும் அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலையே இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. பழைய நாவலை அச்செடுத்து, பதினாறு அத்தியாயத்தையும் கையில் பேனா இல்லாமல் படிப்பேன். பேனா இருந்தால் கமா திருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அப்புறம் பதினேழை மட்டும் புதிதாக எழுதிப் பார்ப்பேன். அண்ணன் வருகிறான், எழுத்தை மேசைமேல் வைக்கிறான், தம்பி மன்னிக்கவில்லை. உதாரணத்துக்கு, தம்பி அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம அச்சகத்து எழுத்து இல்ல” என்று திருப்பி வைத்தால்? பொய் என்று இருவருக்கும் தெரியும். இனி அண்ணன் அதை என்ன செய்வான்? என்னுடையதை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தம்பி என்ன சொல்வான் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காட்சி முடிந்த மறுநாள் அடுத்த காட்சி தானாக வந்து நின்றால் எழுபது பக்கத்தையும் தூக்கிப்போட்டுவிட்டுப் பழையதையே எழுதுங்கள். எட்டு வருட இடைவெளி வாசகனுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படவேண்டாம். கடைசியில் எல்லாவற்றின்மேலும் ஒருமுறை கை ஓடும்போது அந்தத் தையல் மறைந்துவிடும். முதல் பாதி மழைகளையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் பார்த்தும் எதுவும் வராவிட்டால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் அந்த அம்மாளோடு கிளம்புங்கள். போவதற்குமுன் அந்தப் ‘பரவாயில்லை சார்’ என்பதை அடித்துவிடுங்கள். அவள் பதில் சொல்லாமல் மெய்ப்பைத் தொடர்ந்து பார்க்கட்டும். அவருடைய அடுத்த பிழையைக் கண்டுபிடித்து, அதை அப்படியே விட்டுவைக்கிறாளா என்றுகூட யோசிக்கலாம்.

நீங்கள் எதற்குப் போவீர்கள் என்று என்னைக் கேட்டால், புதியதற்கு என்பேன். பன்னிரண்டு பக்கத்தில் அந்தப் பெண்ணின் நடையும் மூச்சும் தெரிகின்றன. ஆனால் சட்டைப்பைக்குள் போன அந்த எழுத்து என்னைவிட்டுப் போகவில்லை, அதனால் முழு நிச்சயத்தோடு சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். இருபத்துமூன்றில் கதவைத் தட்டியது யார்? தெரிந்தால் எழுதுங்கள். உங்களுக்கே தெரியாதென்றால் அந்தப் பக்கத்தை இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

அன்புடன்.