இரண்டு நிறுவனச் சம்பளம், பிடித்தம் பூஜ்யம்: கடைசித் தேதியைத் தவறவிட்டவர் இப்போது என்ன செய்யலாம்?

கேள்வி: நான் தனியார் துறையில் பணிபுரிகிறேன். 2024-25 நிதியாண்டில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 60,000 ரூபாய்க்கும், நவம்பர் முதல் மார்ச் வரை வேறொரு நிறுவனத்தில் மாதம் 1,10,000 ரூபாய்க்கும் வேலை பார்த்தேன். இரண்டு நிறுவனங்களுமே என் சம்பளத்தில் வருமான வரி எதுவும் பிடிக்கவில்லை. வங்கி வைப்பிலிருந்து 60,000 ரூபாய் வட்டி வந்தது. அதில் வங்கி 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டது. 12 லட்சம் வரை வரி கிடையாது என்று பட்ஜெட்டில் சொன்னதால் நான் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. இப்போது 2025 நவம்பர் மாதம். அபராதம் கடுமையாக இருக்கும், சிறைக்குக்கூடப் போக நேரலாம் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். 63 வயதான என் தாயாருக்கு வைப்பு வட்டியாக 2,40,000 ரூபாய் மட்டுமே வருமானம். அதில் வங்கி 24,000 ரூபாய் பிடித்திருக்கிறது. அவருக்கு வரி இல்லை என்பதால் அவரும் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த 12 லட்சம் விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம், ஏனெனில் உங்களைப் போல இந்த ஆண்டு பலரும் அதில்தான் தடுமாறியிருக்கிறார்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1 அன்று அறிவித்த அந்தச் சலுகை, 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஈட்டும் வருமானத்துக்கே பொருந்தும். அறிவிப்பு வந்தபோது நடந்துகொண்டிருந்த 2024-25 நிதியாண்டுக்குப் பொருந்தாது. அந்த ஆண்டில் புதிய வரி முறையில் முழுத் தள்ளுபடிக்கான வரம்பு 7 லட்சம் ரூபாய்தான். மேலும், 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான வரம்பே தவிர, கணக்குத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு தரும் வரம்பு அல்ல. அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். புதிய முறையில் அது 2024-25 ஆண்டுக்கு 3 லட்சம், 2025-26 ஆண்டுக்கு 4 லட்சம்.

அடுத்து, இரண்டு நிறுவனங்களும் ஏன் வரி பிடிக்கவில்லை என்பதைப் பார்ப்போம். முதல் நிறுவனம் உங்கள் ஆண்டுச் சம்பளத்தை 7,20,000 ரூபாய் என்று கணித்து, சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவான 75,000 ரூபாயை நீக்கி, 6,45,000 ரூபாய்க்கு வரி இல்லை என்று முடிவு செய்திருக்கும். இரண்டாவது நிறுவனம் தான் தரப்போகும் ஐந்து மாதச் சம்பளமான 5,50,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே கழிவை மீண்டும் நீக்கி, அதுவும் வரி இல்லை என்றே முடிவு செய்திருக்கும். தத்தம் கணக்கின்படி இருவர் செய்ததும் சரிதான். ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு அவர்களுடையதல்ல, உங்களுடையது. புதிய நிறுவனத்தில் சேரும்போது முந்தைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் கொடுத்திருந்தால், அவர்கள் மொத்தத்துக்கும் கணக்கிட்டு மாதாமாதம் பிடித்திருப்பார்கள். வேலை மாறும் அமளியில் இந்தப் படிவத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பல நிறுவனங்களின் மனிதவளத் துறையும் கேட்டு வாங்குவதில்லை.

உங்கள் கணக்கு இதுதான். சம்பளம் 4,20,000-மும் 5,50,000-மும் சேர்த்து 9,70,000 ரூபாய். இது பி.எஃப். போன்ற பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது கைக்கு வரும் தொகை என்றால் கணக்கு இன்னும் உயரும். வங்கி வட்டியைச் சேர்த்தால் 10,30,000. நிலையான கழிவு ஒரு முறைதான் உண்டு என்பதால் வரிக்குரிய வருமானம் 9,55,000 ரூபாய். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதமாக 20,000. மீதி 2,55,000-க்கு 10 சதவீதமாக 25,500. ஆக 45,500 ரூபாய், அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 47,320. வங்கி பிடித்த 6,000 போக, நீங்கள் கட்ட வேண்டிய வரி 41,320 ரூபாய். இன்ஷூரன்ஸ் பிரீமியம், பி.எஃப். ஆகியவற்றைக் காட்டிப் பழைய வரி முறையில் குறைக்கலாமா என்று தோன்றும். கடைசித் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்பவர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. தாமதத்தின் விலைகளில் அதுவும் ஒன்று.

இனி, பொதுவாக எல்லாவற்றையும் சேர்த்து அபராதம் என்று அழைக்கப்படுபவை. இவை தனித்தனியானவை, கணக்கிடும் முறையும் வேறு என்பதால் பிரித்தே பார்க்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 234எஃப் பிரிவின்படி தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 1,000. ஒரு நாள் தாமதமானாலும் மூன்று மாதம் தாமதமானாலும் இது மாறாது. மாதம் ஏற ஏற வளர்வது வட்டி. பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால், அந்த நிதியாண்டிலேயே நான்கு தவணைகளில் முன்கூட்டிய வரி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று பலரும் நினைக்கிறார்கள், பொருந்தும். நீங்கள் கட்டாததால் 234பி பிரிவின்படி 2025 ஏப்ரலிலிருந்து கட்டும் மாதம் வரை மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி உண்டு. நவம்பரில் கட்டினால் எட்டு மாதத்துக்கு 3,304 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கான 234சி பிரிவு வட்டி சுமார் 2,080 ரூபாய். இவற்றுக்கு மேல், தாக்கல் செய்யத் தாமதமானதற்காக 234ஏ பிரிவின்படி மாதத்துக்கு, அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு, 413 ரூபாய். இந்த ஆண்டு கடைசித் தேதி ஜூலை 31-லிருந்து நீட்டிக்கப்பட்டு செப்டம்பர் 16-இல் முடிந்தது என்பதால், கடைசி வட்டி உங்களுக்குச் சில மாதங்களுக்கு மட்டுமே வரும். எல்லாம் சேர்ந்து, வரியோடு 53,000 ரூபாயை ஒட்டி வரும்.

இதைக் கட்ட உங்களுக்கு இருக்கும் எளிய வழி, தாமதக் கணக்குத் தாக்கல். அதற்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதையும் விட்டால் கதவு முழுவதும் அடைபடாது. புதுப்பிக்கப்பட்ட கணக்கு என்ற முறையில், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டை அடுத்து வரும் ஆண்டு; உங்களுக்கு 2025-26) முடிந்து நான்கு ஆண்டுகள் வரை தாக்கல் செய்யலாம். ஆனால் அதற்கு வரி, வட்டி இரண்டின் கூட்டுத்தொகையில் முதல் ஆண்டில் 25 சதவீதமும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70 சதவீதமும் கூடுதல் வரியாகக் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் முதல் ஆண்டிலேயே அது சுமார் 12,000 ரூபாய். சில வாரங்களைத் தள்ளிப்போட்டதற்காக இவ்வளவு கொடுப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் நண்பர் சொன்ன சிறைத் தண்டனை சட்டத்தில் இல்லாத ஒன்றல்ல. வேண்டுமென்றே கணக்குத் தாக்கல் செய்யாதவர்கள் மீது 276சிசி பிரிவின் கீழ் வழக்குத் தொடர இடம் உண்டு. ஆனால் மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள், அதாவது 2026 மார்ச் 31-க்குள், கணக்கைத் தாக்கல் செய்துவிட்டவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவே சொல்கிறது. டிசம்பருக்குள் தாக்கல் செய்யப்போகிற நீங்கள் அதைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதற்கான 270ஏ பிரிவு: குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம், தவறான தகவல் தந்து மறைத்திருந்தால் 200 சதவீதம். வரியைக் குறைப்பதற்காக முதல் நிறுவனத்துச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாக்கல் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் உங்களை இந்தப் பிரிவை நோக்கித்தான் அனுப்புகிறார்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். வரி பிடிக்காத நிறுவனம், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றான படிவம் 16 தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே உங்களிடம் அந்தப் படிவம் இல்லாமல் இருக்கலாம். வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐயும், ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றில் சம்பளம் தெரியவில்லை என்பதால் அதைக் காட்டத் தேவையில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். வட்டியை ஏ.ஐ.எஸ்.-உடன் ஒப்பிடுங்கள், சேமிப்புக் கணக்கில் சேரும் சிறிய வட்டியும் அங்கே இருக்கும், அதையும் சேர்க்க வேண்டும்.

சம்பளமும் வட்டியும் மட்டுமே என்பதால் ஐ.டி.ஆர்-1 படிவம் போதும். முதலில் இணையதளத்தின் வழியாகச் சுயமதிப்பீட்டு வரியாக, 2025-26 மதிப்பீட்டு ஆண்டு என்று குறிப்பிட்டு, மொத்தத் தொகையையும் கட்டுங்கள். மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கட்டிய பணம் வேறு ஆண்டுக்குப் போய்விடும், அதைத் திருத்தவே சில வாரங்கள் அலைய நேரிடும். பிறகு அந்தச் சலான் விவரத்தைப் படிவத்தில் சேர்த்துத் தாக்கல் செய்து, அன்றைக்கே ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிடுங்கள். சரிபார்க்க 30 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். டிசம்பரில் தாக்கல் செய்துவிட்டுச் சரிபார்க்க மறந்தவருக்கு அந்த நாள் டிசம்பர் 31-ஐத் தாண்டிப் போய்விடக்கூடும்.

நடப்பு நிதியாண்டில் இதே நிலை வராமலிருக்க, வைப்பு வட்டியைப் பற்றி இப்போதே உங்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கான வரியையும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். முன்கூட்டிய வரித் தவணைகளை நீங்கள் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் தாயாரின் விஷயம் எளிது போலத் தெரிந்தாலும், டிசம்பர் 31 என்ற தேதி உங்களைவிட அவருக்கே முக்கியம். அவருடைய வருமானம் 3 லட்சத்துக்குக் குறைவு என்பதால் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை அவருக்கு இல்லை; தாமதமாகத் தாக்கல் செய்தாலும் 234எஃப் கட்டணமும் இல்லை. ஆனால் வங்கி பிடித்த 24,000 ரூபாயைத் திரும்பப் பெற ஒரே வழி கணக்குத் தாக்கல் செய்வதுதான். ரீஃபண்ட் கோரிப் புதுப்பிக்கப்பட்ட கணக்கைத் தாக்கல் செய்யச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே டிசம்பரைத் தவறவிட்டால் உங்களுக்குக் கூடுதல் பணம்தான் செலவாகும். அவருக்கோ, தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறையிடம் தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிய நிலை வரும். முந்தைய ஆண்டுகளிலும் இப்படிப் பிடித்தம் நடந்திருக்கிறதா என்று அவருடைய 26ஏஎஸ்-இல் பார்த்துவிடுங்கள்; இருந்தால் அந்த ஆண்டுகளுக்கு அந்த விண்ணப்ப வழிதான். இந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன், அவருடைய வங்கிக் கணக்கு இணையதளத்தில் ரீஃபண்டுக்காகச் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் ஒப்புதல் ஆகியும் வந்து சேராது.

இனி வரும் ஆண்டுகளில் பிடித்தமே நடக்காமல் தடுக்க, 60 வயதைக் கடந்தவர்களுக்கான படிவம் 15எச் இருக்கிறது. மொத்த வருமானத்துக்கு வரி இல்லை என்ற உறுதிமொழி அது. நடப்பு நிதியாண்டுக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே வங்கியில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிடித்த தொகையை அது திருப்பித் தராது, ஆனால் மீதி மாதங்களுக்கான பிடித்தம் நிற்கும். வைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் இருந்தால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.